70 டாலர் 23 சென்ட் யார் வைத்த விலை?

வாசகர் கேள்வி:

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மகளும் மருமகனும் சிட்னியில் இருக்கிறார்கள், பி.ஆர். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பேரனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். அங்கே என்.டி.ஐ.எஸ். என்ற மாற்றுத்திறனாளிகள் திட்டத்தில் அரசாங்கமே அவனுக்கென்று ஒரு தொகை ஒதுக்குகிறது. ஆனால் போன முறை வருடம் முழுக்க வர வேண்டிய பணம் பத்து மாதத்திலேயே தீர்ந்துபோய், மிச்சத்தை மகள் கையிலிருந்து போட்டாள். இப்போது வந்த பில்லை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பையனை நீச்சலுக்குக் கூட்டிப் போகிற ஆளுக்கு மணிக்கு 70.23 டாலர், சனிக்கிழமையானால் 98.83. நம்ம கணக்கில் மணிக்கு நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. கேட்டால், "அது கவர்மென்ட் ரேட்டுங்கப்பா, மாத்த முடியாது" என்கிறாள். உண்மையாகவே மாற்ற முடியாதா? பில்லில் கார்டு சார்ஜ், நிர்வாகச் செலவு என்று வேறு போட்டிருக்கிறார்கள். தமிழ் பேசும் ஆள் ஒருவர் கிடைக்கிறார், அவர் இதைவிடவும் கூடக் கேட்கிறாராம். ஏப்ரலில் நானும் வீட்டுக்காரியும் அங்கே போகிறோம். அவள் பேரனைப் பார்த்துக்கொண்டால் அந்தப் பணத்தை அவளுக்குக் கொடுப்பார்களா?

பதில்:

அய்யா, உங்கள் மகள் சொன்னதில் பாதி சரி. அது கவர்மென்ட் எழுதிய எண்தான். ஆனால் மாற்ற முடியாத எண் கிடையாது.

நம் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது முதலில் குழம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கவர்மென்ட் விலை என்றால் நமக்கு ஞாபகம் வருவது கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் கொடுக்கிற விலை, கொப்பரைக்கு அறிவிக்கிற ஆதார விலை, கரும்பு விலை. இவை எல்லாம் தரை. இதற்குக் கீழே போகாதே என்று விற்கிறவனுக்காக வைத்தது. என்.டி.ஐ.எஸ். பட்டியலில் இருப்பது கூரை. இதற்கு மேலே போகாதே என்று வாங்குகிறவருக்காக வைத்தது. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அச்சடித்த விலையையே வாங்குவார். ஈரோட்டில் மொத்தக் கடையில் நாலு ரூபாய் குறையும். இரண்டு பேரும் சட்டப்படிதான் விற்கிறார்கள். உங்கள் மகள் இத்தனை நாளும் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் சரவணம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் ஆஸ்திரேலிய பிளான் மேனேஜர்களுக்காக (குடும்பத்துக்காகத் திட்டப் பணத்திலிருந்து பில் கட்டுகிறவர்கள்) இன்வாய்ஸ் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். சிட்னியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. அக்டோபரில் அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்துவிட்டால் மூன்றரை. ஊர் தூங்கும்போது உட்கார்ந்து இந்த 70.23-ஐத்தான் நூற்றுக்கணக்கில் பார்க்கிறேன். பெரிய ஏஜென்சிகளின் பில்லில் பெரும்பாலும் அதே 70.23. தனியாளாகத் தொழில் செய்கிறவர்களின் பில்லில் 55, 60, 62 என்று பலவிதமாக வரும். கூரையை எழுதி வைத்தால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்பது மனித சுபாவம். அதற்காக ஏஜென்சிக்காரர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால் புரியும். திட்டத்தை நடத்துவது என்.டி.ஐ.ஏ. என்ற அரசு அமைப்பு. 2013-ல் சட்டம் வந்து சோதனையாகத் தொடங்கியது, 2020-க்குள் நாடு முழுக்கப் பரவியது. சப்போர்ட் ஒர்க்கருக்கு, அதாவது உங்கள் பேரனை நீச்சலுக்குக் கூட்டிப் போகிறவர் மாதிரி உதவியாளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று அவர்கள் அடியிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். முதலில் அந்தத் துறைக்கான சட்டப்படியான கூலி. அதன் மேல் விடுப்புச் சம்பளம், ஓய்வுக்கால நிதி (2025 ஜூலையிலிருந்து சம்பளத்தில் 12 சதவீதம்), விபத்துக் காப்பீடு, மேற்பார்வை, பயிற்சி, ஆபீஸ் செலவு, கடைசியில் கொஞ்சம் லாபம். சனிக்கிழமை வேலைக்கு அங்கே ஒன்றரைப் பங்கு கூலி, ஞாயிறு இரண்டு பங்கு, பொது விடுமுறைக்கு இரண்டரைப் பங்கு. அதனால்தான் 2025-26 பட்டியலில் வார நாள் பகலுக்கு 70.23, மாலைக்கு 77.38, சனிக்கு 98.83, ஞாயிறுக்கு 127.43, பொது விடுமுறைக்கு 156.03 என்று ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் கணக்கு வருடா வருடம் ஜூலை 1-ஆம் தேதி புதிதாகும்.

ஆகவே பத்து மேனேஜரும் ஆபீஸும் வைத்திருக்கிற ஏஜென்சியிடம் போய்ப் பாதிக்குக் கேட்டால் நடக்காது. ஐந்து, ஆறு டாலர் குறையும். ஆபீஸே இல்லாமல் தானே காப்பீடு எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவரிடம் பத்து டாலர்கூடக் குறையும். பத்து டாலரால் என்ன வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம், இந்த வேலைக்கு ஒதுக்கிய பணம் 16,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 70.23 வீதம் வாரத்துக்கு 351.15. நாற்பத்தைந்து வாரத்தில் கஜானா காலி. உங்கள் மகளுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அதே ஆள் 60 டாலருக்கு ஒத்துக்கொண்டிருந்தால் வாரத்துக்கு 300, ஐம்பத்து மூன்று வாரம் வரும். அதாவது வருடம் தாண்டும்.

பணம் தீர்ந்தால் அரசாங்கம் மறுபடி ஊற்றும் என்று எண்ண வேண்டாம். பையனின் நிலைமையிலேயே பெரிய மாற்றம் வந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். செலவு கூடிப்போச்சு என்பது அவர்கள் காதில் ஏறாது. 2025 மே மாதத்திலிருந்து புதிதாக வருகிற திட்டங்களில் பணத்தை ஒரே தவணையாகத் திறந்துவிடுவதும் இல்லை. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய்க்கால் மடை திறப்பது மாதிரி திறக்கிறார்கள். முதல் தண்ணீரிலேயே எல்லா வயலையும் பாய்ச்சினவர் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மடை அடைத்திருக்கும்போது வருகிற பில்லுக்கு யார் கொடுப்பது என்பதில் இப்போது பல வீடுகளில் சண்டை நடக்கிறது.

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். முதல் வரியில் 04_104_0125_6_1 என்று ஓர் எண் இருக்கும், தேடிப் பாருங்கள். ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். மாதிரி கண்ணுக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் விஷயம் முழுக்க அதில்தான். முதல் 04 என்பது வெளியே கூட்டிப் போய்ப் பழக்குகிற வகை. 104 என்பது வார நாள் பகல். அதே வேலை சனிக்கிழமை என்றால் 105 என்று மாறும். 0125 என்பது எந்தப் பதிவுப் பிரிவில் வரும் வேலை என்பது. அடுத்த 6 என்ன பலனுக்காக என்பதற்கான அடையாளம், கடைசி 1 பட்ஜெட்டின் எந்தப் பையிலிருந்து போகிறது என்பதற்கான அடையாளம். தேதி, இந்த எண், மணி, விலை. இந்த நான்கையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தால் பாதிப் பிழை பிடிபட்டுவிடும். புதன்கிழமை தேதி போட்டு 105 எழுதியிருந்தால் கேளுங்கள். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்ததை மாலை விலையில் போட்டிருந்தாலும் கேளுங்கள். காலை 6-க்கு மேல் தொடங்கி இரவு 8-க்குள் முடிந்தால் அது பகல் கணக்குதான். நம்ம ஊர் வழக்கத்தில் ஆறு மணி மாலையாக இருக்கலாம், அவர்கள் பட்டியலில் இல்லை.

பெருமையாகச் சொல்லவில்லை, நானே ஒருமுறை கோட்டை விட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்னில் குதிரைப் பந்தயத்துக்காகப் பொது விடுமுறை. ஓர் ஏஜென்சி அன்றைக்குப் பொது விடுமுறை விலையில் பில் போட்டிருந்தது. என் மேஜைக்கு எதிரே மாட்டியிருந்ததும் மெல்போர்ன் காலண்டர். சரி என்று தட்டிவிட்டேன். பிள்ளை இருந்தது சிட்னி பக்கம், அங்கே அன்றைக்கு விடுமுறையே கிடையாது. வார நாள் விலைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. கண்டுபிடித்தது நானுமில்லை, எனக்கு மேலே இருக்கிறவருமில்லை, அந்தப் பிள்ளையின் அம்மா. மாதக் கணக்கைப் பேனாவால் கோடு போட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. பணம் திரும்பி வந்தது. அதிலிருந்து என் மேஜையில் மாநிலத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. மகளிடம் சொல்லுங்கள்: எங்களை நம்பலாம், ஆனால் எங்களை மட்டும் நம்ப வேண்டாம்.

கார்டு சார்ஜ், நிர்வாகச் செலவு விஷயம் சுலபம். போடக்கூடாது. விலை வரம்புக்குள் எல்லாச் செலவும் அடக்கம் என்பது விதி. கிரெடிட் கார்டுக்கான கூடுதல், தாமதக் கட்டணம், வரம்புக்கு மேற்பட்ட வித்தியாசத்தை உங்கள் கையிலிருந்து வாங்குவது எதுவும் ஆகாது. சிலிண்டர் விலை ரசீதில் ஒன்று, கொண்டுவருகிறவர் கேட்பது ஒன்று என்று நமக்குப் பழகிப்போய்விட்டது, ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். அங்கே அப்படிச் சாத்த வேண்டியதில்லை. முதலில் ஏஜென்சிக்கு ஒரு மெயில், நகல் பிளான் மேனேஜருக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் தரத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கிற தனி ஆணையம் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம். கேட்டால் கோவிச்சுக்கிட்டு ஆளை நிறுத்திவிடுவார்களோ என்று உங்கள் மகள் பயப்படுவார், நிறைய அம்மாக்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில் அந்த மெயில் போன அடுத்த நாளே "தவறுதலாகச் சேர்ந்துவிட்டது" என்று திருத்திய பில் வந்துவிடும். தெரிந்துதான் போட்டிருப்பார்கள், யாராவது கேட்கும்வரை.

கூடவே சில செலவுகள் சட்டப்படி சேரலாம், அதை ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தால். அதில் முக்கியமானது இரண்டு. ஒன்று பயணம். சப்போர்ட் ஒர்க்கர் உங்கள் வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு, நகரப் பகுதியானால் அரை மணி வரைக்கும் போடலாம். தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் பயண நேரத்துக்கு 2025 ஜூலையிலிருந்து பாதி விலைதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும் (அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழக்குகிறவர்) பேச்சுப் பயிற்சியாளருக்கும் வரம்பு மணிக்கு 193.99. போக அரை மணி, வர அரை மணி என்று போட்டால் ஒரு தடவைக்கு 97 டாலர் ரோட்டிலேயே போய்விடும். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பதில் பலன் இருக்கிற பிள்ளைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரு தடவை வீட்டில், மிச்சத்தைக் கிளினிக்கில் என்று வைத்துக்கொண்டால் என்ன என்று தெரபிஸ்டையே கேட்கச் சொல்லுங்கள். அந்த 193.99 இருக்கிறதே, 2019-லிருந்து அசையவே இல்லை. அதில் தெரபிஸ்டுகளுக்குப் பெரிய மனக்குறை. பிசியோதெரபிக்கு 2025-ல் 183.99 என்று பத்து டாலர் குறைத்தேவிட்டார்கள். அதனால் தெரபிஸ்டிடம் மணி விலையைக் குறைக்கச் சொல்லி நிற்பதைவிட, ரிப்போர்ட் எழுத எத்தனை மணி நேரம் போடுவார், பயணம் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வைப்பதுதான் பலன் தரும். ரிப்போர்ட் எழுதுகிற நேரமும் அதே 193.99-தான், ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று, வராத நாளுக்குக் கட்டுகிற பணம். காலையில் பையனுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேண்டாம் என்று போன் போட்டால், சப்போர்ட் ஒர்க்கர் விஷயத்தில் ஏழு நாளுக்கு முன் சொல்லாதது எல்லாம் 'ஷார்ட் நோட்டீஸ்' கணக்கு, முழுத் தொகையும் போடலாம். ஏழு நாளுக்கு முன்னால் காய்ச்சல் வரப்போவது எந்தப் பிள்ளைக்குத் தெரியும்! ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. அது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்க முடியாமல் போயிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஏழு நாள் என்று இருப்பதை இருபத்து நாலு மணி நேரம் என்று மாற்றிக் கேட்கலாம். தனியாகத் தொழில் செய்கிறவர்கள் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். விலை பேசும்போது எல்லோரும் மணிக்கு எத்தனை டாலர் என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள், இந்த வரியை யாரும் படிப்பதில்லை. சீக்காளிப் பிள்ளை இருக்கிற வீட்டில் மணி விலையைவிட இந்த வரிதான் அதிகம் தின்னும்.

சனிக்கிழமை நீச்சலைப் பற்றியும் யோசியுங்கள். மூன்று மணி நேரம் சனிக்கிழமை 296.49. அதே மூன்று மணி நேரம் வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட பிறகு நாலரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தால் 210.69. வாரத்துக்கு 85.80 மிச்சம், ஐம்பது வாரத்துக்கு 4,290 டாலர். சனிக்கிழமை உங்கள் மருமகன் வீட்டில் இருப்பாரானால் குளத்துக்கு அவரே கூட்டிப் போகட்டும். அல்லது அதே நீச்சல் வகுப்புக்கு வருகிற இன்னொரு பையனும் இவனும் ஒரே ஆளிடம் சேர்ந்து போக முடியுமா என்று பாருங்கள். ஒரு ஆள் இரண்டு பிள்ளையைப் பார்த்தால் விலை வரம்பு ஆளுக்குப் பாதி. ஷேர் ஆட்டோ மாதிரி. கூட்டத்தில் பையன் பதறுவான் என்றால் விட்டுவிடுங்கள், காசுக்காக அதைச் செய்யக்கூடாது.

தமிழ் பேசும் ஆள் கூடக் கேட்கிறார் என்றீர்கள். இங்கேதான் மகளின் பணத்தை யார் நிர்வகிக்கிறார்கள் என்பது முக்கியம். மூன்று வழி உண்டு. அரசு அமைப்பே நேரடியாகப் பணம் கொடுக்கிற வழியில், பதிவு செய்த நிறுவனங்களிடம் மட்டும்தான் வாங்கலாம், விலை வரம்பும் உண்டு. பிளான் மேனேஜர் வழியாக என்றால் பதிவு செய்யாதவரையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரம்பு அப்படியே இருக்கும், அதைத் தாண்டி நாங்கள் ஒரு சென்ட் கொடுக்க முடியாது. மூன்றாவது, குடும்பமே நிர்வகிப்பது. அதில் மட்டும் வரம்பைத் தாண்டியும் கொடுக்கலாம். ஆனால் ஒதுக்குகிற பணம் என்னவோ அந்த வரம்பை வைத்துப் போட்ட கணக்குத்தான். மணிக்கு 85 கொடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பணம் மட்டும் சீக்கிரம் தீரும். உங்கள் மகளுக்குப் பிளான் மேனேஜர் இருக்கிறார் என்றால், தமிழ் பேசுகிறவர் என்றாலும் வார நாளுக்கு 70.23-க்கு மேல் அவர் கேட்கவே வழியில்லை.

அதற்காகக் குடும்பமே நிர்வகிக்கிற வழிக்கு மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிளான் மேனேஜருக்கான மாதக் கட்டணம் 104.45 டாலர், அது பையனின் பணத்தில் கைவைக்காமல் தனியாக வருவது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு ரசீதையும் ஐந்து வருடம் பத்திரமாக வைத்து, கணக்கு எழுதி, தணிக்கை வந்தால் பதில் சொல்வதெல்லாம் வேலைக்குப் போகிற ஒரு தாய்க்குப் பெரிய சுமை. கணக்கில் ஆர்வமும் நேரமும் இருந்தால் சரி. மருமகன் எப்படி?

என் கருத்தில் அந்தத் தமிழ் ஆளை விடவேண்டாம். ஏழு வயதுப் பையன் வீட்டில் உங்களோடு போனில் தமிழ்தான் பேசுகிறான் என்றால், தண்ணீருக்குள் பயந்து நிற்கும்போது "வா கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்கிற ஆள் வேண்டும். அவரிடம் 70-க்கு மேல் முடியாது, ஆனால் வாரத்துக்கு நிச்சயமாக ஆறு மணி நேரம், மாதக் கடைசியில் தவறாமல் பணம் என்று பேசிப் பாருங்கள். நிச்சயமான வேலைக்குத் தனியாளிடம் மதிப்பு உண்டு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசிய பரம்பரை நம்முடையது, இதற்குப் போய் மகள் கூச்சப்படுகிறார்!

உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பணம் கொடுப்பார்களா என்றால், மாட்டார்கள். குடும்பத்தார் பார்த்துக்கொள்வதற்குப் பணம் கொடுப்பதை அந்தத் திட்டம் மிக அபூர்வமாகத்தான் ஏற்கும். அதோடு நீங்கள் போவது விசிட்டர் விசாவில் என்றால் அங்கே வேலை செய்யவே அனுமதி இல்லை. அந்தப் பணத்தை வேறு பெயரில் பில் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், விசாவுக்கும் ஆபத்து, பையனின் திட்டத்துக்கும் ஆபத்து. ஆனால் அம்மிச்சி இருக்கிற அந்த மாதங்களில் ஆள் வருகிற நேரத்தைக் குறைத்து, அந்த மணிகளைப் பள்ளி விடுமுறைக்கு எடுத்து வைக்கலாம். மூன்று மாதத் தவணையில் செலவாகாத பணம் திட்டம் முடியும்வரை அடுத்த தவணையோடு சேர்ந்துகொள்ளும்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், இவ்வளவும் இங்கே இருந்திருந்தால் என்று. இங்கே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதற்குள் தெரபிக்கு ஒரு பங்கு. ஆனால் தெரபி செண்டர் என்ன விலை வைக்க வேண்டும் என்று சொல்கிற பட்டியல் இல்லை. என் அக்கா மகன் கோயமுத்தூரில் ஒரு செண்டருக்குப் போய்க்கொண்டிருந்தான். மாதத்தின் நடுவில் ஒரு நாள் சுவரில் புது ரேட் ஒட்டியிருந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, பையன் அந்த மிஸ்ஸிடம்தான் சாப்பிடக் கற்றுக்கொண்டான் என்பதால். கூரை இருக்கிற ஊரில் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள், இல்லாத ஊரில் இப்படி. எனக்கு இரண்டையும் தினமும் பார்க்கிற வேலை, ஒன்று ஆபீஸில், ஒன்று வீட்டில்.

கிளம்புவதற்கு முன் மகளிடம் மூன்று காகிதம் கேட்டு வாங்கிப் பாருங்கள்: திட்டத்தின் பணக்கணக்குப் பக்கம், ஏஜென்சியோடு போட்ட ஒப்பந்தம், கடைசி மூன்று மாதப் பில். ஒப்பந்தத்தில் விலை என்ற இடத்தில் எண் எழுதாமல் "என்.டி.ஐ.எஸ். விலை வரம்பின்படி" என்று மட்டும் இருந்தால், அதை அடித்துவிட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாமல் விட்டதால்தான் ஜூலை 1 ஆனதும் யாரையும் கேட்காமல் பில் தானாக ஏறுகிறது. புது எண்ணாக 62 எழுதினாலும் சரி, 66 எழுதினாலும் சரி. ஜூலையில் ஏற்ற வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லி, கையெழுத்து வாங்கி ஏற்றட்டும். நீங்கள் ஏப்ரலில் அங்கே இருப்பீர்கள், ஜூலைக்குள் இதை முடித்துவிடலாம்.